வழுக்கி விழுந்தவர்

போலீஸ் ஜீப்பின் முன்தட்டில் சாய்த்து வைத்திருந்த இன்ஸ்பெக்டர் ஐயாவின் கைப்பேசியில் பெரும்பாலும் ஒரே படம்தான் ஓடும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் விசாரணையில் ஒரு நிரபராதியை அடித்துவிடுவார். பிறகு தூக்கம் கெட்டு, குடித்து, யாருக்கும் முகம் கொடுக்காமல் அலைந்து, கடைசியில் மேலதிகாரி முன்னால் போய்த் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வார். பாகலூர் சாலையில் வண்டிச் சோதனைக்கு நிற்கும் மத்தியானங்களில், அந்தக் காட்சி வந்ததும் ஐயா கண்ணைத் துடைத்துக்கொள்வார். "இவன்தாம்மா போலீசு" என்பார். நான் அப்போது ஸ்டேஷன் ரைட்டர்; வாக்குமூலம் எழுதுவது என் வேலை. இப்படி மனசுள்ளவரிடம் வேலை பார்க்கிறோமே என்று எனக்குப் பெருமை வேறு. சினிமா பார்த்து அழுகிறவர்களை நம்பிவிடும் அசட்டுத்தனம் அன்று என்னிடம் நிறையவே இருந்தது.

மத்திகிரியில் வாடகைக்கு இருந்த ஒரு தொழிலாளியை, கம்பெனியில் செப்புக் கம்பி திருடினார் என்று பிடித்து வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐயா அறைந்த அறையில் அவருடைய இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. இதற்கென்றே எங்கள் துறையில் ஒரு வாக்கியம் தயாராக உண்டு: குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஐயா சொன்னார், நான் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது முறை. படித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. உரக்கப் படித்தேன். வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, "யக்கா, நான் எங்கயும் விழலயே" என்றார். நான் பேனாவை நீட்டினேன்.

மூன்றாவது வாரம் மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேறு நான்கு பேர் அதே செப்போடு பிடிபட்டார்கள். இனி ஐயா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை.

"படத்துல அந்தாளு ஒண்டிக்கட்டைம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

அன்றோடு அவர்மீது இருந்த மரியாதை செத்தது. இப்போது ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்; நான் பதில் போடுவதில்லை. போடாமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் தெரியவில்லை.

அந்தத் தொழிலாளியை வழக்கிலிருந்து விட்டார்களே தவிர, காது திரும்பவில்லை. காது கேட்காத ஆளை மெஷின் பக்கம் நிறுத்த முடியாது என்று கம்பெனியும் கைவிட்டது. அவர் மனைவி மனுமேல் மனு போட்டு ஒரு விசாரணை வந்தது. சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு வழி பிறக்கும். எனக்கோ பதவி உயர்வு வரவேண்டிய நேரம். எனக்கும் ஒரு பையன் இருந்தான்.

நேரில் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"பாத்தனுங்கய்யா. வழுக்கித்தான் விழுந்தாரு."

நான் என்ன சொன்னேன் என்று அந்தத் தொழிலாளி தன் மனைவியிடம் கேட்டார். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவருடைய வலது காதருகே குனிந்து, நான் சொன்னதை அப்படியே சொன்னாள்.