வலது கால்

துருக்கிச் சிப்பாய்கள் கொண்டுவந்த காய்ச்சல் சஃபேத் மலையில் வீடு தவறாமல் ஏறி இறங்கியது. பெய்லாவின் வீட்டுக்கு மட்டும் இரண்டு முறை வந்தது. முதலில் அவள் புருஷன் ஷாயே போனான். ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தத் துக்கத்துக்குத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருப்பதற்குள் மாமியாரும் போய்விட்டாள். மாமனார் சில மாதம் முன்பே பஞ்சத்தில் கண்ணை மூடியிருந்தார். மிஞ்சியது பெய்லாவும், மாமியார் கடைசிக் காலத்தில் பெற்றுப்போட்ட கைக்குழந்தை கெட்சலும்தான். பத்தொன்பது வயதுப் பெண், கொழுந்தனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

எங்கள் யூதச் சட்டப்படி, பிள்ளையில்லாமல் ஒருவன் செத்தால் அவன் விதவை அவனுடைய தம்பிக்குக் கட்டுப்பட்டவள். அவனே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஐந்து பெரியவர்கள் முன்னால் தன் வலது கால் செருப்பை அவள் கையால் கழற்றவிட்டு அவளை விடுவிக்க வேண்டும். கட்டிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் எப்போதோ ஒழிந்துபோயிற்று. செருப்புதான் வழி. ஆனால் அதற்கு ஆண்மகன் வேண்டும், பதின்மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். கெட்சலுக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. அதை மேல்வீட்டு ஹென்யாதான் தண்ணீர்த் தொட்டியருகே வைத்துச் சொன்னாள்.

“எதுக்குடி வெள்ளாட்டுப் பாலுக்கு ஊரெல்லாம் நாயா அலையறே?”

“குழந்தை அழுவுதுக்கா.”

“அழட்டுமே. நான் கெட்ட மனசுல சொல்லலை, உன் நல்லதுக்குச் சொல்றேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு. அடிக்கிற காத்துக்கு அதுவே போயிடும். கொழுந்தன் இல்லேன்னா கட்டும் இல்லே. அடுத்த பஸ்கா பண்டிகைக்குள்ள நீ புதுப்பொண்ணு.”

“ஹென்யாக்கா, இதைச் சொன்ன வாயால இன்னைக்கு ஜெபம் பண்ணாதே. மேல இருக்கிறவருக்குக் கேட்டுடப் போவுது.”

ஹென்யா ஒருத்தியின் எண்ணமல்ல அது. ஊரே அப்படித்தான் நினைத்தது, அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். பெய்லா தன் கல்யாணத் தலையணையைக் கொடுத்துப் பால் வாங்கினாள். அடுத்தது சால்வை போயிற்று. கிடைத்த கறுப்பு ரொட்டியைத் தானே மென்று மசித்து அவன் வாயில் வைத்தாள். குழந்தை அழுதது, அவள் பால் தேடினாள். இதைத் தவிர அவள் மனதில் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும், அப்போது இதைச் சொல்ல ஆள் இருக்காது.

துருக்கியர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள். கெட்சல் நடந்தான், ஓடினான், “அண்ணி, அண்ணி” என்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சந்தையெல்லாம் சுற்றினான். பெற்றவள்கூட இப்படி வளர்க்க மாட்டாள் என்று ஊர் மெச்சியது. அதே ஊர்தான்.

அவனுக்கு ஆறேழு வயதிருக்கும்போது ஹைக்கல் வந்தான். ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து விற்பவன், மனைவியை இழந்தவன், அதிர்ந்து பேசாதவன். வெள்ளிக்கிழமை தோறும் ஓய்வுநாளுக்கென்று இலையில் சுற்றி ஒரு கட்டியைக் கொண்டுவந்து வைப்பான்.

“பையன் ஆளாகற வரைக்கும் நான் காத்திருக்கேன், பெய்லா. நீ மட்டும் சரின்னு சொல்லு.”

அவள் சரி என்றாள். ஏன் சொல்லக் கூடாது? அவளுக்கு இருபத்தைந்துதான். இரும்பாலா செய்திருந்தது அவள் உடம்பு? ஆனால் அந்தச் சரியோடு வீட்டுக்குள் வேறொன்றும் நுழைந்தது. அது வரைக்கும் அவள் பார்த்தது ஒரு குழந்தையை. அன்றிலிருந்து அவன் வலது காலையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினாள்.

கால் இல்லாதவன் எந்தச் செருப்பைக் கழற்றவிடுவான்? இந்தப் பயம் ஒரு தடவை வந்தது, பிறகு போகவேயில்லை. கெட்சலை அவள் வெறுங்காலோடு வாசல் தாண்ட விடமாட்டாள். ஒருமுறை துருப்பிடித்த ஆணி அவன் வலது குதிகாலில் ஏறியபோது, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் மலைச்சரிவில் ஓடினாள். புண் ஆறும் வரை காலை மடியில் வைத்து முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். அந்தக் குளிர்காலத்திலேயே அவன் படியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். “பல்லுதானே, போவுது போ” என்றாள். பிள்ளைகளுக்குக் கண் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு உடம்பெல்லாம் கண்.

பள்ளிப் பையன்கள் முதலில் தொடங்கினார்கள். “டேய் வலதுகாலு! பத்திரமா நட, உங்க அண்ணி கல்யாணம் கீழ விழுந்துடப் போவுது!”

பஸ்கா கழிந்த ஓய்வுநாள் பிற்பகல்களில் பெரியோர் மொழிகளை ஓதுவது வழக்கம். அப்படியொரு நாள் கெட்சல் சாப்பாட்டு மேஜையில் பாடம் ஒப்பித்தான். “ஒன்றைச் சார்ந்து நிற்கிற அன்பு, அந்த ஒன்று போனால் தானும் போய்விடும். எதையும் சாராத அன்பு எந்நாளும் போகாது. முதல் வகை, அம்னோன் தாமார்மேல் வைத்த மோகம். இரண்டாவது, யோனத்தான் தாவீதுமேல் வைத்த நட்பு.” பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். “நீ எம்மேல வச்சிருக்கறது எதுண்ணி?”

“ரெண்டும் இல்லடா. உம்மேல எனக்கு எரிச்சல்தான் இருக்கு. பேசாம சாப்பிடு.”

அவன் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அன்று மாலை ஹைக்கல் வருவான் என்ற நினைப்பில் இருந்தாள்.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது. ஓடைப்பக்கம் விளையாடப் போன கெட்சல், காலெல்லாம் ரத்தமாக, நொண்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“ஐயோ! எந்தக் காலு? எந்தக் காலுடா?”

“இடது.”

“அப்பாடா!”

வாய் தவறி வந்த சொல்தான். பெருமூச்சோடு வந்துவிட்டது. கறந்த பால் மடி புகுமா? அவள் உடனே தண்ணீர் கொண்டுவந்து கழுவினாள், துணி கிழித்துக் கட்டினாள், அழக்கூட அழுதாள். கெட்சல் அவள் தலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் எந்தக் காயத்தையும் காட்டவில்லை.

பதின்மூன்று முடிந்தது, குரல் உடைந்தது, மேலுதட்டில் மயிர் கறுத்தது. பெய்லா ஊர் மதகுருவான ரபியிடம் போனாள். ரபி கெட்சலை அழைத்துக் கேட்டார்.

“மாட்டேன்” என்றான் கெட்சல்.

“உன்னை வளர்த்தவடா அவ.”

“தெரியும். எதுக்கு வளர்த்தான்னும் தெரியும்.”

ரபி நல்லவர். புத்தி சொன்னார், கெஞ்சினார், மேஜையைத் தட்டினார். மனம் ஒப்பித் தந்தால்தான் விடுதலை செல்லும், அடித்து வாங்கியது செல்லாது. பையனுக்கும் அது தெரிந்திருந்தது. படித்த பையன்.

வீட்டுக்கு வந்ததும் பெய்லா கதவைச் சாத்தினாள். மேல்வீட்டு ஹென்யா எப்படியோ அதற்குள் உள்ளே வந்திருந்தாள்.

“ஏண்டா இப்படிப் பண்றே?” என்றாள் பெய்லா. “நான் உனக்கு என்னடா கொறை வச்சேன்?”

“ஒரு கொறையும் வைக்கலே. விக்கப்போற ஆட்டுக்கு யாராவது கொறை வைப்பாங்களா?”

“கெட்சல்!”

“ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. இந்தக் காலு மட்டும் இல்லேன்னா என்னை வளர்த்திருப்பியா? நான் செத்திருந்தா அழுதிருப்பியா, இல்ல செருப்பு போச்சேன்னு அழுதிருப்பியா?”

ஹென்யாவால் பொறுக்க முடியவில்லை. கிழவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அட பாவிப் பயலே, நீ செத்திருந்தா அன்னைக்கே அவளுக்கு…”

“அக்கா!” பெய்லா போட்ட சத்தத்தில் கெட்சலே திடுக்கிட்டான். “வாயை மூடு. இந்த வீட்டுல அந்தப் பேச்சு எடுத்தே, செத்தாலும் உம்மூஞ்சியிலே முழிக்கமாட்டேன்.”

ஹென்யா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தன் தொட்டிலைச் சுற்றி நின்ற ஊரே தன் சாவுக்குக் காத்திருந்தது என்று எந்தப் பிள்ளையிடம் சொல்வது? சொன்னால் அவன் இறங்கிவருவான், காலைக் கட்டிக்கொண்டு அழுவான், செருப்பையும் தருவான். ஆயுசுக்கும் கடன்பட்டவனாக நடப்பான். பெய்லாவுக்கு அது நன்றாகத் தெரியும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“அந்தக் காலை நான் பார்த்தது நிஜந்தாண்டா” என்றாள். “இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன்.”

“அது போதும்” என்றான் அவன்.

ஒரு வருஷம் போயிற்று, பாதி வருஷம் இன்னும் போயிற்று. வெள்ளிக்கிழமைக் கட்டி முதலில் சிறுத்தது, பிறகு வாரம் விட்டு வாரம் வந்தது, பிறகு வரவில்லை. ஹைக்கல் ஒருநாள் தானே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “எனக்கும் வயசாவுது, பெய்லா” என்றான். திபேரியாவில் ஒரு பெண்ணாம், அடுத்த மாதமாம். இலவு காத்த கிளி என்று ஊர் சிரித்தது. அவனை அவளால் திட்டக்கூட முடியவில்லை. அவன் அன்பும் ஒன்றைச் சார்ந்துதானே நின்றது.

ஹைக்கலின் கல்யாணம் முடிந்த வாரம் கெட்சல் சமையலறை வாசலில் வந்து நின்றான். ஹைஃபாவில் ரயில் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது.

“இப்ப வேணும்னா கழட்டிக்கோ. நான் போறேன், என்னாலே நீ கட்டுப்பட்டு இருக்க வேணாம்.”

சஃபேத்தில் பனி விழுந்த நாள் அது. ரபியோடு சேர்த்து ஐந்து பெரியவர்கள் மன்றமாக உட்கார்ந்தார்கள். சடங்குக்கென்று மன்றம் வைத்திருந்த தோல்செருப்பைக் கெட்சலின் வலது காலில் மாட்டி, வாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். பெய்லா பட்டினியாக வந்திருந்தாள், அது முறை. “என் கொழுந்தன் தன் சகோதரன் பேரை நிலைநாட்ட மறுக்கிறான்” என்று சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். “இவளைக் கொள்ள எனக்கு இஷ்டமில்லை” என்று அவனும் சொன்னான்.

அவள் குனிந்து ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்த்தாள். குதிகாலைத் தூக்கியபோது அந்த ஆணித் தழும்பு விரலில் நெருடியது. செருப்பைக் கழற்றி வீசினாள். அடுத்து அவன் முன்னால் தரையில் துப்ப வேண்டும், ஐந்து பேரும் பார்க்கும்படி. வாய் காய்ந்திருந்தது.

“எச்சில் தெரியலை. இன்னொரு தடவை” என்றார் ரபி.

மறுபடி துப்பினாள். “தன் சகோதரன் வீட்டைக் கட்டாதவனுக்கு இப்படியே செய்யப்படும்” என்றாள். ஷாயேயின் வீட்டில் பிழைத்திருந்த ஒரே சுவர் அவன்தான், அதைக் கட்டியவள் அவள். கூடியிருந்தவர்கள் முறைப்படி மூன்று தடவை கத்தினார்கள்: “பாதரட்சை கழற்றப்பட்டவன்!”

முடிந்தது. இனி அந்தக் காலால் அவளுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வெளியே யாரும் காத்திருக்கவும் இல்லை. பெரியவர்கள் எழுந்து, பனியைப் பற்றிப் பேசிக்கொண்டே மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெய்லா மடியிலிருந்து தான் பின்னிய கம்பளிக் காலுறையை எடுத்தாள். அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“கல்தரை ஜில்லுனு இருக்குடா. மொதல்ல இதைப் போட்டுக்கோ, காலைக் கொடு.”

கெட்சல் காலை இழுத்துக்கொண்டான்.

“அதான் கெடைச்சிடுச்சே அண்ணி. இனிமே பார்க்கறதுக்கு யாரும் இல்லே, நடிக்காதே.”

தன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போனான். வாசற்படியில் கிடந்த பனியில் அவன் வெறுங்கால் பதிந்த இடத்தை, காலுறையைப் பிடித்த கையோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். “சளி பிடிச்சுக்கும்” என்றாள். கேட்க ஆள் இல்லை.