முன் சீட்டில் ஒரு சால்வை

பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த சந்தன நிறச் சால்வை ஒன்று, வேனின் முன் சீட்டில் ஓர் ஆள் போல உட்கார்ந்திருந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்பமர நிழல் நகர நகர, நானும் வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன். மதுரை பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. இறங்குகிறவர்களில் ஒரு முகத்தைத் தேடினேன். நான் பார்த்தே இராத முகம் அது. எனக்குத் தெரிந்த அவர் தங்கையின் ஜாடை இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். வெயிலில் எல்லா முகங்களும், தூங்கி எழுந்த கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஓரம் கரைந்து தெரிந்தன. இன்றைக்கும் யாராவது சால்வை என்றால், அந்த உறைமேல் மினுங்கிய வெயில்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

ஒரு கல்லூரியின் பொதுச் சுகாதாரத் துறைக்கு வேன் ஓட்டுகிறவன் நான். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். துறையில் படிக்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். நர்ஸ் வேலை பார்த்தவர்களும் டாக்டருக்குப் படித்தவர்களும் உண்டு. நோய் வந்தபின் பார்ப்பது ஆஸ்பத்திரி, வராமல் பார்ப்பது இவர்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்கு அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. வருடம் ஒரு முறை விழா நடக்கும். சிறந்த மாணவர், சிறந்த பணியாளர் என்று பெயர் வாசித்துச் சால்வை போடுவார்கள். அன்றைக்கு நான் மண்டபத்துக்குள் போனதே இல்லை. கைதட்டல், தூரத்து மழை மாதிரி வேனுக்குள் கேட்கும். அதிலேயே எனக்கு நிறைவு வந்துவிடும். நாலு பேர் முன்னால் நின்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியாது.

அந்த வருடத்தின் சிறந்த மாணவி, தேனிப் பக்கத்துப் பிள்ளை. கிராமத்துப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, கூடுதலாக இருப்பவர்களை மாத்திரைக்குப் பழக்குவது அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. பகலில் தெருவுக்குள் போனால் வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும். இவள் பருத்திக் காட்டுக்கே வண்டியை விடச் சொன்னாள். கரிசல் வெடிப்பில் கால் வைத்துவைத்து நடந்து, பெண்கள் எடுத்துக் குவித்த பருத்தி மேலேயே உட்கார்ந்து, கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். திரும்பி வரும்போது அவள் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பின் சீட்டில் இளைப்பாறுகிற மாதிரி இருக்கும். அவள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் பள்ளம் பார்த்து ஓட்டுவேன்.

அப்பா இல்லாத பிள்ளை. ஓர் அண்ணன் உண்டு. அவர் பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாம் என்றுவிட்டுப் படிக்க வந்தவள் என்பதால், அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். விழா என்றதும் இவளே போன் பண்ணினாள். பார்ப்போம் என்றாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். "அண்ணே, எங்கண்ணன் மதுரை பஸ்ஸுலதான் வரும். கூச்சப்படாம கிட்டப் போய்க் கேளுங்க" என்று என்னை அனுப்பினாள். கடையில் சால்வை வாங்கிய கையோடு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது அதற்குத்தான். கூச்சத்தை விட்டுப் பல பேரிடம் கேட்கவும் கேட்டேன். விழா தொடங்கும் நேரம் நெருங்கியதும், சால்வையை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வாசலிலேயே நின்றிருந்தாள். நான் இறங்கியபின் வேனின் மறுபக்கக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சால்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னால் வேனுக்குள் போய் உட்கார முடியவில்லை. மண்டப வாசலிலேயே நின்றேன்.

எப்போதும் துறைத்தலைவர் அம்மாதான் சால்வை போடுவார். அந்த வருடம், வேலை நடந்த ஊர்க்காரர் கையால் போடவேண்டும் என்று மாற்றியிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர், நாலு ஏக்கர் கரிசல்காட்டுக்காரர். அவர் வீட்டம்மாவுக்குத்தான் இந்தப் பிள்ளை முதலில் அழுத்தம் பார்த்துச் சொன்னாள். மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்த அந்த அம்மா இப்போது நேரம் தவறுவதில்லை. அதனால் எங்க ஊர் மரியாதையை நான்தான் தருவேன் என்று விரும்பி வந்தவர் அவர்.

பேர் வாசித்தார்கள். அவள் மேடை ஏறினாள். பெரியவர் கையில் சால்வையைக் கொடுத்தார்கள். அவர் விரித்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் பக்கம் வயசுப் பிள்ளையின் தோளில் வேற்று ஆம்பளை துணி போட்டால் அதற்கு அர்த்தமே வேறு, உரிமை கொண்டாடுவதாக ஆகிவிடும். தாய்மாமன் போடலாம், கூடப்பிறந்தவன் போடலாம். விழா ஏற்பாடு செய்த படித்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. பெரியவருக்கும் துணியை விரித்தபிறகுதான் உறைத்திருக்க வேண்டும்.

"சும்மா போடுங்க தாத்தா, போட்டோவுக்குத்தான்" என்று பையன்கள் கத்தினார்கள். துறைத்தலைவர் அம்மா சிரித்தபடி, நான் போடுகிறேன் என்று கையை நீட்டினார்.

"இருங்க தாயி. நீங்க படிப்புச் சொல்லிக் குடுத்தவுக, உங்களுக்கு மேல யாரு? ஆனா ஒறமொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. மரியாதை எங்க ஊரோடது. போடுற கை இந்தப் பிள்ளையோட அண்ணன் கையா இருக்கட்டும்" என்றவர், மைக்கைப் பக்கம் இழுத்து, "பிள்ளைக்கு அண்ணன் முறையில யாரு வந்திருக்கா? மேல வாங்கய்யா" என்று கூப்பிட்டார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் முன்வரிசையில் அந்தக் காலி நாற்காலி எல்லார் கண்ணிலும் பட்டது. அவள் குனிந்து சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறிகள் சுற்றுவது, எங்கோ கிணற்றில் மோட்டார் ஓடுவது மாதிரிக் கேட்டது.  அவள் நிமிர்ந்தாள். தலைகளுக்கு மேலே வாசலைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தா நிக்கிறாரு. எங்க டிரைவர் அண்ணன்."

எல்லாத் தலையும் திரும்பியது. என் முதுகுக்குப் பின்னால் வாசல் திறந்துதான் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் வேன். ஆனால் நான் அந்தப் பக்கம் திரும்பினால், அவள் நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வாள்?

"ஏப்பா, வண்டிய மட்டுந்தான் ஓட்டுவியோ? காலு ஓடாதோ?" என்றார் பெரியவர். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது போல இருந்தது. மேடைப் படி அருகே, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். பெரியவர் சால்வையை என் இரண்டு கையிலும் வைத்தார். என் கைக்கு அப்போது ஒரு வேலை இருந்தது. அதனால் நின்றேன். போட்டேன். கைதட்டல், இந்த முறை தூரத்து மழை இல்லை, தலைமேலேயே பெய்தது.

"அண்ணே, உள்பக்கத்த வெளிய போட்டுட்டீங்க" என்று உதடு அசையாமல் சொன்னாள். விலை எழுதிய கடைச் சீட்டு அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. போட்டோவில் பார்த்தால் இரண்டும் போலத்தான் இருக்கிறது.

படிப்பு முடித்து வெளியே வேலை பார்த்தவள், பிறகு எங்கள் துறைக்கே ஆசிரியராக வந்தாள். எல்லாரும் மேடம் என்கிறார்கள். நானும் பிறர் முன்னால் அப்படித்தான் சொல்வேன். அவள் அண்ணன் பிறகு பேசினாரா என்று நான் கேட்டதில்லை. சொல்லவேண்டியதாக இருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

இந்த வருடம் சிறந்த பணியாளர் என்று அவள் பெயர் வந்திருக்கிறது. காலையில் சால்வை வாங்கப் புறப்பட்டபோது, "பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் போயிட்டு வரவா?" என்று தயங்கித்தான் கேட்டேன்.

"எதுக்குண்ணே? கடைச் சீட்டைக் கிழிச்சிட்டு வாங்க, போதும்" என்றாள்.

இப்போது மண்டபத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் வண்டி நிற்கிறது. முன் சீட்டில் உறைக்குள் சால்வை. இலைகளுக்கு ஊடே விழும் அதே வெயில் அதன்மேல் மினுங்குகிறது. உறையைப் பிரித்து, கடைச் சீட்டைத் தேடிக் கிழித்தேன். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் பெயர் இன்னும் வரவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.