கோட்டுக்கு வெளியே ஒரு லெஃப்ட் பேக்

நாட்டுக்காக அறுபத்தோரு கால்பந்து ஆட்டம் ஆடியவள் என்று அவளைப் பற்றிச் சொன்னால், கேட்பவர்கள் உடனே "எத்தனை கோல்?" என்பார்கள். ஒன்று. அதையும் போட்டது அவள் அல்ல, காற்று என்பது அன்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நடுவில் நின்றவளுக்கு அவள் தூக்கிக் கொடுத்த பந்து, பாதி வழியில் மனம் மாறி, கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. "பார்த்துத்தான் அடிச்சேன்" என்று இன்றுவரை சாதிக்கிறாள். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

கோல் போடுவது அவள் வேலையே இல்லை. அவள் லெஃப்ட் பேக். இடது ஓரமாகப் பந்தோடு பாய்ந்து வருகிறவளை மறித்து, பந்தைப் பிடுங்கி அனுப்ப வேண்டும். ஒட்டினால் விடமாட்டாள் என்று கூட ஆடியவர்கள் அவளுக்குக் கோந்து என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை எதிரணிக்காரி ஒருத்தி ஆட்டம் முடிந்த பிறகும் திரும்பிப் பார்த்து, "தண்ணி குடிக்கப் போறேன், அங்கயும் வரப்போறியா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கு மகளை நர்ஸ் ஆக்க ஆசை. "நம்ம வீட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புற வேலைக்குப் போயிட்டா" என்று அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொள்வாள். அலுப்பு வாயில் மட்டும்தான் இருக்கும். முகமெல்லாம் பெருமை.

முப்பத்தைந்து வயதில் முழங்கால் கையை விரித்துவிட்டது. பயிற்சியாளர் படிப்பு படித்தாள், தேர்வெழுதினாள், பஸ் டிப்போவுக்குப் பின்னால் மைதானம் வைத்திருந்த ஒரு பெண்கள் கிளப்பில் கோச்சாகச் சேர்ந்தாள். இரண்டாம் டிவிஷன் அணி. மருந்துக்கடையில் நிற்கிறவள், கல்லூரியில் படிக்கிறவள், தபால் பிரிக்கிறவள் என்று இருபத்திரண்டு பெண்கள். கோச் ஆனதை அவள் தலை ஒப்புக்கொண்டது. கால்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆட்டத்தின்போது கோச் கோட்டுக்கு வெளியே, தனக்கென்று போட்ட கட்டத்துக்குள் நிற்கலாம், கத்தலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டும்வரை அதைத் தொட மட்டும் கூடாது. முதல் வருடம், நாலாவது ஆட்டத்தில், கோட்டோரம் உருண்டு வந்த பந்தை அவள் கால் அழகாக நிறுத்தியது. அது இன்னும் வெளியேறவே இல்லை. நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். கோல். தோல்வி. இரண்டாவது முறை, பந்தோடு பறந்து வந்த எதிரணிக்காரியின் குறுக்கே, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு சறுக்கிப் போய்ப் பந்தை மட்டும் எடுத்தாள். அப்படி ஒரு சுத்தமான டேக்கிளை அந்த மைதானம் பார்த்ததே இல்லை என்று நடுவரே பிறகு சொன்னாராம். சொல்வதற்கு முன்னால் சிவப்பு அட்டையைக் காட்டியிருந்தார்.

கிளப் செயலாளர் டைல்ஸ் கடைக்காரர். அதிர்ந்து பேசாத மனிதர்.

"இங்க பாருங்கம்மா, நாங்க கோச்சைத்தான் வேலைக்கு வெச்சோம். பன்னிரண்டாவதா ஒரு ஆளை இல்ல. இன்னொரு தடவை கால் உள்ள போச்சுன்னா, வேற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்."

அந்த வேலை போனால் அவளுக்குக் கால்பந்தே போனமாதிரி. பயந்துபோய், பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்போடு வந்து நின்றாள். அடுத்த ஆட்டத்தில் அவள் வெளியேதான் நின்றாள், செருப்புதான் உள்ளே போனது. அதற்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பாதி ஆட்டத்துக்குள் நாற்காலி கோட்டருகே வந்திருந்தது. கடைசியில் கணவர் வைத்தியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் வீட்டு நடையில் அவளை டீ டம்ளரோடு நிற்க வைத்துப் பந்தை உருட்டுவார். கடந்து போக விடவேண்டும், அவ்வளவுதான்.

முதல் பத்து நாளும் பந்து அவள் காலடியில் நின்றது. "டீ ஒரு சொட்டுகூடச் சிந்தலையே, அதைப் பாருங்க" என்றாள்.

"அந்தப் பெருமை வேறயா?" என்றார் கணவர்.

ஒரு மாதத்தில் பத்துக்கு ஏழு பந்து தப்பித்துப் போனது. அப்படித்தான் இரண்டாம் வருடத்தின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதல் டிவிஷன், டிரா ஆனால் இல்லை. இவர்கள் ஒரு கோல் முன்னால். முடிய இரண்டு நிமிடம். இரண்டாம் பாதியில் லெஃப்ட் பேக்கின் பக்கம் கோச் நிற்கும் பக்கமாக மாறியிருந்தது. அங்கே ஆடியது கொசு. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒல்லிப் பெண், பத்தொன்பது வயது, காதுக்குள் ரீங்காரமிடுவதுபோல எதிரணியைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

எதிரணிக்காரி பந்தைக் கோட்டோரமாகத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். பந்து கோச்சிடமிருந்து அரை அடி தூரம். பக்கவாட்டிலிருந்து கொசு வந்துகொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கோச்சின் வலது காலையே பார்த்தார்கள். அந்தக் கால் துடித்தது. அவள் இரண்டு கையாலும் தன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்து கடந்து போயிற்று. கொசு நீட்டிய காலுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போயிற்று. அங்கிருந்து கிராஸ், அங்கிருந்து கோல். டிரா.

அதிர்ந்து பேசாத செயலாளர் அன்றைக்குக் கத்தினார். "காலை நீட்டியிருக்கலாம்லம்மா! ஃப்ரீ கிக்கோட போயிருக்கும்!"

"நீட்டினா வேலை போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொல்றதையெல்லாம் என்னைக்கும் கேக்காதவங்க இன்னைக்கு மட்டும் ஏன் கேட்டீங்க?" என்றார் அவர். சொன்னபிறகு அவருக்கே சிரிப்பு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உடைமாற்றும் அறையில் கொசு ஒரு காலில் சாக்ஸோடு உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். கோச் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லலாம் என்றுதான் வந்தாள்.

"கோச், நான் பிடிச்சிருப்பேன். ஒரு அடி மெதுவா வந்துட்டேன்."

"ஏன்டி?"

"நீங்க அங்க நின்னீங்க. எப்படியும் நீங்க எடுத்துடுவீங்கன்னு..."

அட்டை வாங்கியதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இது அப்படி இல்லை, நெஞ்சில் போய்த் தைத்தது. கொசுவின் ஈரமான தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தப்பு உன்னோடது இல்ல. ரெண்டு வருஷமா உன் இடத்துல நான்தான் நின்னுட்டு இருந்தேன்" என்றாள்.

போய்ச் செயலாளரிடமும் அதையே சொன்னாள், வேலை போனாலும் போகட்டும் என்று. அவர் நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டு, அடுத்த வருடமும் அவளே இருக்கட்டும் என்றார்.

அடுத்த வருடம் முதல் ஆட்டம். அதேபோலப் பந்து கோட்டோரம் வந்தது. கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொசு அவள் இருக்கிற திசையைக்கூடப் பார்க்காமல் புயலாக வந்து, பந்தைப் பறித்து, கோச்சின் பேண்ட் முழுக்கச் சேறடித்துவிட்டுப் போனாள். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் உம்மென்று இருந்தாள்.

"ஜெயிச்சீங்கன்னாங்களே, அப்புறம் என்ன?" என்றார் கணவர்.

"நல்லாத்தான் எடுத்தா. குறையே சொல்ல முடியாது" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "ஆனா ஒரு மரியாதைக்காவது என்னைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்ல?"