வெல்கோ பெய்வித்த மழை

டோப்ருஜா சமவெளியில் அந்த வசந்தம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. கோதுமை முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. வெல்கோ ரங்கெலோவின் குறிப்பேட்டில் மட்டும் நாற்பது நாள் மழை பெய்திருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டட வேலையில் வெல்கோ எழுத்தர். எத்தனை ஆள் வந்தார்கள், எத்தனை மூட்டை சிமெண்ட் போனது, வானம் எப்படி இருந்தது என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுவான். மழையால் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கொத்தனார்களைக் கடற்கரைக்கு அனுப்பி மச்சானுக்கு ஓட்டல் கட்டிக்கொடுத்தால் எத்தனை நாள் கிடைக்கும் என்று அதில் இல்லை. முதலாளி ஸ்தாமென் அதைத்தான் செய்திருந்தார். அதனால் மழை தேவைப்பட்டது.

"வானத்தப் பாத்து எழுதுறதுக்கு நீ எதுக்குய்யா? ஒப்பந்தத்தப் பாத்து எழுது," என்றார். எழுதாவிட்டால் வேறு எழுத்தர் வருவான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

வெல்கோ எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். பொய்யை ஏனோதானோவென்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. மிளகாய்த் தொக்கு தீர்ந்த ஜாடியைக் கழுவி, அளவுப் பட்டை ஒட்டி, தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தான். எல்லா நாளும் ஒரே அளவாக இருந்தால் சந்தேகம் வருமே என்று பதினொன்று, பதினேழு, இருபத்து மூன்று மில்லிமீட்டர் என மாற்றி மாற்றிப் பிடித்தான். படத்தில் தன் தொப்பியும் வந்தால் அதையும் நனைத்துக்கொண்டான்.

அவன் மனைவி ரூஷா முதல் வகுப்பு ஆசிரியை. பழைய கட்டடத்தை இடித்ததிலிருந்து இரண்டு வருடமாகத் தகரக் கன்டெய்னரில் பாடம் நடத்துகிறாள். வெயிலில் வேகும், மழையில் ஒழுகும். செப்டம்பர் பதினைந்தில் பள்ளி திறக்கும்போது புது வகுப்பறைக்குப் போய்விடலாம் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜூனில், கூடுதல் நாள் கேட்டு ஸ்தாமெனும் வெல்கோவும் மேயரிடம் போவதற்கு முந்தின நாள், விஷயம் அவள் காதுக்கு வந்தது.

"நாப்பது நாளா? நோவாவுக்கு அப்புறம் நீதான் வெல்கோ."

"வேலை போயிடும் ரூஷா."

"இன்னொரு குளிர்காலம் அந்தத் தகரத்துக்குள்ள நான் இருந்தா எனக்கு உயிரே போயிடும். நாளைக்கு மேயர்கிட்ட நானே வர்றேன்."

வந்தாள். அவள் கையில் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த வானிலை அட்டவணை. பிள்ளைகள் தினமும் வானத்தைப் பார்த்து வரைந்தது. ஏப்ரலிலிருந்து வரிசையாகச் சூரியன்கள்.

மேயர் கராஜோவ் அட்டவணையையும் குறிப்பேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமை, இருபத்து மூணு மில்லிமீட்டரா? ஏய்யா, அன்னிக்கு மழை வேண்டி ஊரே பவனி போச்சு! மாதா படத்த வயல் வரைக்கும் நான்தான் சுமந்தேன். என் வழுக்கைத் தலை தோலுரிஞ்சு போச்சு!"

ஸ்தாமென் வெல்கோவை முறைத்தார். அந்தப் பவனியில் வெல்கோவும்தான் மெழுகுவர்த்தி பிடித்துப் போயிருந்தான்.

தேவாலயச் சுவருக்குச் சிமெண்ட் கேட்டு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சவெலி பாதிரியார் எழுந்தார்.

"எத்தன மணிக்குப் பேஞ்சுது, தம்பி?"

"மத்தியானத்துக்கு மேல, சாமி," என்றான் வெல்கோ, வாய் தானாகவே திறந்து.

"நம்ம ஜெபம் முடிஞ்சது பன்னெண்டு மணிக்கு," என்று பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேயர் யோசித்தார். அக்டோபரில் தேர்தல். மாதா படத்தைச் சுமந்தவர் அவர். சுமந்த அன்றே மழை, அதுவும் கையெழுத்துப் போட்ட காகிதத்தில்.

"இப்ப ஞாபகம் வருது. தோள்ல ரெண்டு சொட்டு விழுந்துச்சு," என்றார்.

"அது உங்க வேர்வை!" என்று ரூஷா கத்தினாள். "இந்தப் பிள்ளைங்க என்ன பொய்யா வரையுதுங்க?"

"டீச்சரம்மா, பிள்ளைங்களுக்கு எப்பவும் சூரியன்தான் வரைய வரும்."

நாற்பது நாளும் கிடைத்தது. குறிப்பேட்டின் அந்தத் திருநாள் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தேவாலயத்தில் மாட்டினார்கள். மழை பார்க்காதவர்கள் பள்ளிக்கூடத் தெருவில் பெய்திருக்கும் என்றார்கள். பள்ளிக்கூடத் தெருக்காரர்கள் சந்தைப் பக்கம் பெய்திருக்கும் என்றார்கள்.

செப்டம்பர் பதினைந்தில் நிஜ மழை வந்தது. கொத்தனார்கள் ஓட்டலிலிருந்து இன்னும் திரும்பவில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. ஸ்தாமென் போனில் கூப்பிட்டார்: "மழை பேஞ்சும் கட்டடத்து மேல தார்ப்பாய் போடலன்னு தெரிஞ்சா அபராதம் நம்ம தலையில. தெளிந்த வானம்னு எழுது."

வெல்கோ எழுதினான். மை காய்வதற்குள் ரூஷா அவன் அலுவலக அறைக்குள் வந்தாள். கன்டெய்னர் ஒழுகி, பள்ளி திறக்கும் நாளுக்காகப் போட்ட அவளுடைய புதுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. குறிப்பேட்டைப் படித்தாள். கோபப்படவில்லை. ஆணியில் தொங்கிய அவன் குடையை எடுத்துக்கொண்டாள்.

"தெளிந்த வானத்துல உனக்கெதுக்கு இது?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெல்கோ நடந்தே வீட்டுக்குப் போனான். ரொட்டிக்கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"என்ன வெல்கோ, இப்படி நனைஞ்சிருக்க?"

கொட்டுகிற மழையில் நின்று அவன் பதில் சொன்னான்:

"குழாய் உடைஞ்சிருச்சு."