கோஸ் பாட்டு

காதில் மாட்டியிருந்த ஹெட்செட் சார்ஜ் தீர்ந்து அணைந்ததும் மடிக்கணினி தன் ஸ்பீக்கரைத் தானாகவே திறந்துகொண்டது. சனிக்கிழமை காலை அது. எழுந்து ஓசையைக் குறைப்பதற்குள் ஆர்கன் இசை என் அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறை வரை போய்விட்டது. அங்கே கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் கையில் கத்தியோடு அறை வாசலில் வந்து நின்றார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் என் அறை வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "இது எந்த சர்ச்சும்மா?" என்றார்.

எந்தச் சர்ச்சும் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் நாலைந்து இளைஞர்கள் ஒரு பழைய பண்ணை வீட்டில் ஒன்றாகத் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, ஒரே ஒரு இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதில்தான் அந்த ஆர்கன் வந்தது. "சர்ச் இல்லை அத்தை. ஜெர்மன்காரங்க பாட்டு" என்றேன். அவர் கத்தியை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் சொன்னார்: "நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா ஆமென் சொல்லவே மாட்றாம்பா."

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு அகலம் குறைந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தறி. விடிந்ததிலிருந்து ஓடும். என் கணவருக்கு ஒரகடம் பக்கத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வருகிற நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடவேண்டும். படித்துக்கொண்டே கேட்பதற்குத் தமிழ்ப் பாட்டு உதவாது, வார்த்தை குறுக்கே வந்து விழும். புரியாத மொழியில் பாட்டு தேடப்போய்த்தான் இந்த ஜெர்மன்காரர்களிடம் மாட்டிக்கொண்டேன். ஒன்றைக் கேட்டால் ஓரத்தில் இன்னொன்றின் அட்டைப்படம் தெரியும். அதைத் தொட்டால் வேறொன்று. சிலதை உலகத்திலேயே நூறு பேர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். யாரோ ஒருவர் பரணில் கிடந்த தட்டைத் தூசி தட்டி இணையத்தில் ஏற்றியிருப்பார், அவ்வளவுதான். அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கிற அன்று எனக்குள் வருகிற குதூகலத்தைச் சொல்லிக்கொள்ள யாரும் இருந்ததில்லை.

என் மாமியார் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். மொபெட்டில் மாகறல், திருப்புட்குழி என்று சுற்றிச் சுற்றித் தடுப்பூசி போட்டவர். இன்றைக்கும் பஸ் நிலையத்தில் யாராவது ஒரு மீசைக்காரர் ஓடிவந்து, "நர்சம்மா, எனக்கு ஊசி போட்டது நீங்கதான்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். சர்ச் கொயரில் முன்வரிசையில் நின்று பாடியவர். நான் மருமகளாக வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அதைத் தானாகவே விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "போதும்பா, எத்தினி வருஷம்" என்பார். அதற்குமேல் பேச்சு போகாது.

என்னோடும் பேச்சு அப்படித்தான் இருந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். சத்தமாகப் பேசி வளராதவள். "அத்தை, ரசம் வைக்கட்டுமா?" என்று கேட்டால் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்; போய் அவரே சாம்பார் வைப்பார். "சாயங்காலம் கடைக்குப் போகலாமா?" என்றால் "ஆமாமா" என்பார், சாயங்காலம் ஜெப வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். என்னைப் பிடிக்கவில்லை, அதைப் பண்பாகக் காட்டுகிறார் என்று முடிவுகட்டிக்கொண்டேன். கணவரிடம் சொன்னேன். "எங்கம்மா அப்படிலாம் இல்லியே" என்றார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, நான் கணினியைத் திறக்கும்போதே அத்தை வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அந்த ஜெர்மன்காரனுங்க வேற இன்னா பாடிக்கிறானுங்க?" என்று கேட்டார். இந்த மாதிரி இசைக்கு என்ன பேர் என்றும் கேட்டார். கிரவுட்ராக் என்றேன். கிரவுட் என்றால் முட்டைக்கோஸ். ஜெர்மன்காரர்கள் கோஸைப் புளிக்கவைத்துத் தின்பதால் அவர்களைக் கேலி செய்ய இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பேர் என்று விளக்கினேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கோஸ் பாட்டு. துருக்கியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த சைக்கடெலிக் தட்டுகளும் அத்தைக்குக் கோஸ் பாட்டுதான். சைக்கடெலிக் என்றால் என்ன என்று சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். நர்சம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "கஞ்சா அடிச்சிட்டு வாசிச்சானுங்களா?" இருக்கலாம் என்றேன். "அதான் ஒரே எடத்துல சுத்திக்கினு இருக்கானுங்க."

பேர்களைப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது. அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். நாற்காலிமேல் நிறைய முட்டைகளை அடுக்கிய படம். பனியில் நிற்கும் தபால்காரர். மூன்று கண்ணுள்ள ஒரு பூனை. "இந்தப் பூனையப் போடு" என்பார். நான் வருடக்கணக்கில் தேடித் தேடிக் கற்றுக்கொண்ட முறைகளைவிட அது ஒன்றும் மோசமில்லை. பாதிக்குப் பாதி நன்றாகவே அமைந்தது. மீதிப் பாதி படுமோசம். ஒரு தட்டில் ஒருவர் கடைசிவரை தண்ணீர் வாளியைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதையும் நாங்கள் முழுக்கக் கேட்டோம். நடுவில் நிறுத்துவது அத்தைக்குப் பிடிக்காது. "அவன் கஷ்டப்பட்டு வாசிச்சிக்கிறான். உக்காந்து கேளு" என்பார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இது சுவர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காபித்தூள் வாங்க வந்தவரிடம், தாளம் மாறாமல் ஒரே சீராக ஓடுகிற ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "உங்க தறி மாதிரியே இருக்குல்ல அக்கா?" என்று பெருமையாகக் கேட்டேன். அக்கா கொஞ்சம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தறி எங்கம்மா இப்படி ஓடுது? நூல் அறுந்தா நிக்கணும், போன் வந்தா நிக்கணும், புள்ள அழுதா நிக்கணும். இவனுக்கு வீட்ல ஒரு வேலயும் இல்ல போல." அத்தை சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

இப்படிச் சில மாதங்கள் போயின. பிறகு மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை எனக்கு ஓர் அபூர்வமான தட்டு கிடைத்தது. வடக்கு ஜெர்மனியில் ஏதோ துறைமுக ஊர்க்காரர்கள். கீழே ஒரு கருத்துகூட யாரும் எழுதியிருக்கவில்லை. கிட்டாரும் ஆர்கனும் மெல்ல மெல்ல ஏறி, ஏறினதெல்லாம் அடங்கி, தாழ்ந்த ஒரு சுருதி மட்டும் நிற்கும்போது அதன்மேல் ஒரு புல்லாங்குழல் வரும். காற்று மாதிரி, மெலிசாக. எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தை பக்கம் திரும்பி, "இந்தப் புல்லாங்குழல் எப்படி இருக்கு அத்தை?" என்றேன்.

அவர் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். "ஆமாமா" என்றார்.

ஏதோ இடறியது. அருகில் போய், சத்தமாகக் கேட்டேன். "அத்தை, புல்லாங்குழல் கேக்குதா?"

"எந்தப் புல்லாங்குழலு?"

பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். ஓசையைக் கூட்டினேன். தாழ்ந்த சுருதி வரும்போது தலையசைத்தார். குழல் வரும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. நான் கையை உயர்த்தி, "இப்போ வாசிக்கிறாங்க" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்மா" என்றார். "நர்சு இல்லியா நானு? எத்தினி பேர் காத பாத்துக்கிறேன். கொயர்ல மேல் ஸ்தாயி போனா எனக்கு ஒண்ணும் கேக்கல. பக்கத்துல நிக்கிற பொண்ணு திரும்பித் திரும்பிப் பாக்குது. மாஸ்டர் மரியாதிக்கு ஒண்ணும் சொல்லல. அவரு சொல்றதுக்கு முன்ன நானே வந்துட்டேன். காதுல மிஷின் மாட்டிக்கினு போயி அந்த முன்வரிசைல நிக்கறதாம்மா?"

"நான் பேசுறது கேக்குமா அத்தை?" என்றேன்.

"இப்போ கேக்குது, கிட்ட இருக்கிற. இல்லன்னா எங்க? நீ எலி மாதிரி பேசுற. இன்னா கேட்டேன்னு புரியாது, ஆமாமான்னு சொல்லிடுவேன். சரி, இந்தப் பொண்ணுக்கு நம்மகிட்ட பயம் போல, அதான் வாயே தொறக்க மாட்டேங்குதுன்னு நெனச்சிக்கினேன்."

ரசத்தையும் கடைத்தெருவையும் பற்றி நான் மனதில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அன்று அவரிடம் சொன்னேன், சத்தமாக. அவர் முதலில் திகைத்தார். பிறகு, "ரசமா? நீ ரசமா கேட்ட? அரிசி வைக்கட்டுமான்னு கேக்கறேன்னுல்ல நெனச்சேன்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது. அக்கா காது கொடுத்திருக்கவேண்டும்.

ஆனாலும் மருத்துவரிடம் வர ஒப்புக்கொள்ளவில்லை. மகன் கெஞ்சினார், அரக்கோணத்திலிருந்து மகள் போனில் அழுதாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவரை அசைத்தது அந்தத் துறைமுக ஊர்க்காரர்கள்தான். சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து அதே பாட்டைப் போடச் சொல்வார். குழல் வருகிற இடத்தில் என் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "நெசமாவே குழலு வருதா? இல்ல என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நீ சும்மா சொல்றியா?"

"நீங்களே கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

சென்னைக்குப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஓசை கேட்கும்போதெல்லாம் கை தூக்கிக் காட்டி, அளவெடுத்து, பிறகு இன்னொரு தடவை போய் அந்தச் சிறிய கருவிகளை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் எரிச்சல். பஸ்ஸின் தகரம் கத்துகிறது, பாலித்தீன் பை கத்துகிறது, தன் செருப்பே தன்னைத் துரத்துகிறது. வீட்டு வாசலில் தறிச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார். "இத்தினி நாளா இவ்ளோ சத்தத்துலயா நீ வேல செஞ்சிக்கினு இருந்த?" என்று என்னிடம் கேட்டார். அதில் ஒரு கரிசனம் இருந்தது.

கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன். கிட்டார் ஏறியது, ஆர்கன் ஏறியது, அடங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குழல் வந்தது. முடிந்தது.

"சுமாராத்தாம்பா வாசிக்கிறான்" என்றார் அத்தை. பிறகு, "இன்னொரு வாட்டி போடு" என்றார்.

கொயருக்குத் திரும்பினாரா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. திரும்பினார், ஆனால் முன்வரிசைக்கு இல்லை. கிறிஸ்துமஸ் பயிற்சிக்கு அழைக்க வந்த மாஸ்டரிடம், காதுமடலைத் திருப்பிக் காட்டி, "இது இருக்குது. பரவால்லன்னா வரேன்" என்றார். மாஸ்டர், தாழ்குரல் பாடுகிறவர்களோடு பின்னால் நிற்கச் சொன்னார். அங்கே பேச்சுத்துணை அதிகம் என்று அத்தைக்கு ஒரே மகிழ்ச்சி.

இப்போது அத்தையின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அத்தை அரக்கோணம் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. எனக்குச் சனிக்கிழமைகள் பழைய மாதிரி ஆகிவிட்டன. தேடுகிறேன், கிடைக்கிறது, கேட்கிறேன். கணவர் வீட்டிலிருந்தால் அவரும் உட்காருகிறார், போனைப் பார்த்துக்கொண்டே. இன்று காலை அத்தை கூப்பிட்டார். இப்போதெல்லாம் நான் எலி மாதிரி பேசினாலும் அவருக்குக் கேட்கிறது. பேரன் தூங்குகிறானாம், மகளுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க ஒருத்தருக்கும் முழுசா உக்கார முடியலப்பா. மாப்ளைக்கு நேத்து போன்ல ஒண்ணு போட்டுக் காமிச்சேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, 'பாட்டு எப்போ அத்த ஆரம்பிக்கும்'னாரு."

நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். காலையில் முதல் வண்டியைப் பிடித்தால் அவர் ஆராதனையிலிருந்து திரும்புவதற்குள் போய்விடலாம். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். குழந்தைக்குச் சட்டையோ, மகளுக்குக் காஞ்சிபுரம் இட்லியோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"புதுசா எதனா ரெண்டு எடுத்துக்கினு வா" என்றார் அத்தை. "நல்லா இல்லன்னாலும் பரவால்ல. நீளமா இருக்கட்டும்."