கடைசியில் வருபவரின் காது

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதர் அவர். மொட்டை மாடி மோட்டார் அறைக்குள் போனதும் மற்ற மெக்கானிக்குகள் டார்ச்சையும் ஸ்பேனரையும் தேடுவார்கள். இவர் முதலில் தன் வலது காதை மோட்டார் மூடியில் வைப்பார். "பேரிங் போகப் போகுது. இன்னும் ரெண்டு மாசம்," என்பார். சொல்லிவைத்தது போல இரண்டு மாதத்தில் போகும். அதனால் வேலையிடத்தில் அவருக்குக் 'காது' என்று பெயர் விழுந்தது. எங்கள் சைக்கிள் குழுவில் சேர்ந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

போன மாதம் வரை அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போதும் புகழத்தான் போகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அடி இன்னும் தலைக்குள் கிண்ணென்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எனக்குப் பேசத் தெரியவில்லை.

நாங்கள் நாலு பேர். கணக்கு டீச்சர், பேக்கரிக்காரர், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் நான், காது அண்ணன். ஞாயிறு விடிந்ததும் கிளம்பி ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு அண்ணன் வீட்டு முன்னறையில் வந்து விழுவோம். பேக்கரிக்காரருக்குக் கொக்கு என்றால் உயிர். கொக்கு என்பது நாங்கள் வைத்த பெயர். நீளக் காலை வீசி வீசி மலை ஏறும் ஒரு பந்தய வீரன். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஏறத்தான் தெரியும், இறக்கம் வந்தால் பிரேக்கைக் கட்டிக்கொண்டு அழுவான். என் ஆள் புல்டோசர். கடைசி இருநூறு மீட்டரில் அவன் தலையைக் குனிந்தால் முன்னால் இருப்பவன் ஒதுங்கியே ஆக வேண்டும். டீச்சருக்குப் பந்தயத்தைவிடப் பாட்டுதான் பெரிது. மேடையில் ஆடிக்கொண்டே பாடும் ஒரு செம்பட்டை முடிக்காரியின் பரம ரசிகை. மூச்சு வாங்கும் ஏற்றத்தில்கூட அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பார்.

அண்ணனுக்குப் பாட்டுப் பெட்டி. அவரே உதிரி உதிரியாகச் சேர்த்துப் பூட்டிய ஆம்ப்ளிஃபையர், கதவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், இரண்டுக்கும் எதிரே சரியாக நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஒருவர் அதில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். மற்றவர்கள் சுவரோரம், வாயை மூடிக்கொண்டு. நடுவில் இருமினால்கூட முறைப்பார்.

இரண்டு வருடமாக அவருக்கு ஒரே குறை. வலது பக்கம் மெலிகிறதாம். முதலில் வயரை மாற்றினார். பிறகு ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டார். ஸ்பீக்கர்களை இடம் வலம் மாற்றி வைத்தும் வலது பக்கம்தான் மெலிந்தது. அப்படியானால் சுவர்தான் காரணம் என்று முடிவு கட்டி, அந்தப் பக்கம் இருந்த துணி அலமாரியைக் கழற்றிப் படுக்கையறைக்கு அனுப்பி, அண்ணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் மூவருக்கும் ஒரு பக்கமும் மெலியவில்லை. ஆனால் காதே சொல்லும்போது நம் காதை யார் நம்புவார்கள்? நாங்களும் தலையை ஆட்டிவைத்தோம்.

ரோட்டிலும் இதே கதைதான். வரிசையில் அண்ணன் எப்போதும் கடைசி. பின்னால் வண்டி வந்தால் "வண்டி!" என்று கத்துவது அவர் பொறுப்பு. கத்தினால் ஓரம் கட்டுவோம், இல்லாவிட்டால் ரோடு எங்களுடையது. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது அண்ணனை அவமானப்படுத்துவது. பார்த்தவர் அன்றைக்கு நாலு சைக்கிளுக்கும் செயின் துடைக்க வேண்டும். பதினொரு வருடத்தில் நான் இரண்டே முறை துடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கழுத்து தானாக அடங்கிவிட்டது.

பிறகு ஒரு நாள், ஓர் இறக்கத்தில் விபத்து நடந்தது. முன்னால் டீச்சர், அடுத்து பேக்கரிக்காரர், பிறகு நான், கடைசியில் அண்ணன். ஒரு பள்ளத்துக்கு ஒதுங்கி டீச்சர் ரோட்டின் நடுப்பக்கம் வந்தார். அண்ணன் குரல் வரவில்லை, அதனால் தைரியமாக வந்தார். பார்சல் ஏற்றும் ஒரு சின்ன வேன் எங்களைக் கடந்து போய், அதன் பக்கக் கண்ணாடி டீச்சரின் ஹேண்டில்பாரில் உரசியது. டீச்சர் தூக்கி எறியப்பட்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். முப்பது வயதிருக்கும். முகம் வெளிறிப்போயிருந்தது. "ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சேங்க. நீங்க யாரும் ஒதுங்கல," என்றான். அண்ணன், "ஹார்னே அடிக்கல. எஞ்சின அணைச்சிட்டு உருட்டிட்டு வந்திருக்கான்," என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் அவன் சட்டையைப் பிடித்தேன். பொய் சொல்றியாடா என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாடியில் ஆள் வந்து நின்றது. எனக்குக் கோபம் வந்தால் அளவு தெரியாது, ஊரறிந்த விஷயம்.

பார்சல் கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார்: ஹார்ன் அடிக்கவில்லை என்று நாலு பேரும் எழுதிக் கொடுத்தால் அவனை வேலையிலிருந்து தூக்கிவிடுவேன், இனி எந்தக் கம்பெனியும் அவனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காது. திங்கள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். முந்தின நாள், விபத்துக்கு மூன்று வாரம் கழித்து வந்த ஞாயிறு, கையெழுத்துப் போட அண்ணன் வீட்டில் கூடினோம். காகிதம் மேசையில் இருந்தது. அண்ணன் தன் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'வரிசையின் கடைசியில் வந்தவன் நான். பின்னாலிருந்து எந்த ஹார்ன் ஒலியும் வரவில்லை.'

காகிதத்தை எடுப்பதற்கு முன்னால் பேக்கரிக்காரர் ஆரம்பித்துவிட்டார். "நேத்து கொக்கப் பாத்தீங்களா? ஒன்பது கிலோமீட்டர் தனியாவே ஏறிட்டான்!"

"ஏறினான், சரி. இறங்கறப்போ எத்தன பேர் அவனத் தாண்டிப் போனாங்கன்னு சொல்லு," என்றேன்.

"உன் புல்டோசரு மலை அடிவாரத்துலயே காணாமப் போயிட்டானே, அவன மொதல்ல தேடிக் கண்டுபுடி."

கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த டீச்சர் சிரித்தார். "எனக்கு ஒரு கைதான் இப்போ வேலை செய்யுது. இல்லேன்னா ரெண்டு பேர் காதையும் ஒரே நேரத்துல திருகியிருப்பேன்."

"எல்லாரும் வாய மூடுங்க," என்றார் அண்ணன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ரெண்டு வருஷத் தொல்லை முடிஞ்சுது. வலது பக்கத்தச் சரி பண்ணிட்டேன். டீச்சர், உங்களுக்காக உங்க ஆளையே போடறேன்."

செம்பட்டை முடிக்காரியைக் கத்தல் என்று சொல்லும் அண்ணன் அவளுடைய ஒரே ஒரு பாட்டை மட்டும் வைத்திருந்தார். ஒலிப்பதிவு சுத்தமாம். தொடக்கத்தில் வலது பக்கம் அவள் மூச்சை இழுப்பது கேட்கும், இடது பக்கம் விரல் சொடுக்கு, பிறகு சரியாக நடுவில் குரல். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். "நடுவுல நிக்கறா பாருங்க. அப்படியே, மூக்குக்கு நேரா," என்றார். சுவரோரம் நின்ற எனக்கு வலது பெட்டி கத்துவது போலத்தான் இருந்தது. சுவரோரம் அப்படித்தான் கேட்கும் போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்து டீச்சர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "அண்ணே, வலது பக்கம் காது கிழியுதே! இடது பக்கம் சத்தமே இல்ல!"

"வலி மாத்திரை சாப்பிடறீங்கல்ல, அதனால இருக்கும்," என்றார் அண்ணன்.

பேக்கரிக்காரர் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தேன். மூன்று பேருக்கும் ஒன்றுதான். எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஒலியைப் பங்கு போட அண்ணன் புதிதாக ஒரு குமிழ் வைத்திருந்தார். அது வலது கடைசிக்குத் திருகப்பட்டிருந்தது. அதற்கு மேல் திருக இடமில்லை.

"என்னண்ணே இது? மொத்தமும் வலது பக்கமே போகுது."

"அப்போதாண்டா சமமாக் கேக்குது! மூணு பேருக்கும் காது அவுட்டா?" அண்ணன் குரல் உயர்ந்தது.

எனக்கும் சுர்ரென்று ஏறியது. என் கடையில் இப்படிச் சண்டை பிடிப்பவர்கள் நிறைய. இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று அடித்துச் சொல்வார்கள். ஒரு கண்ணை மூடச் சொன்னால்தான் இன்னொன்றின் வண்டவாளம் வெளியே வரும். வாய் வந்த வேகத்தில் சொல்லிவிட்டேன்: "உக்காருங்கண்ணே. கண்ண மூடிக்கோங்க. இடது காத நல்லாப் பொத்துங்க."

அண்ணன் உட்கார்ந்தார். இடது காதுக்குள் விரலைச் செருகி, மேலே உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செம்பட்டை முடிக்காரி உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு நிறுத்துனே? போடு," என்றார் அண்ணன்.

டீச்சர் நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போடுடா. என்ன விளையாட்டு இது?"

அவர் கண்ணைத் திறந்தார். இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். இடது காதிலிருந்து கையை எடுத்தார், பிறகு பொத்தினார், எடுத்தார், பொத்தினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

உள்ளேயிருந்து அண்ணி வந்தார். "என்ன ஆச்சு?"

"அண்ணி, எப்பவாவது..." என்று பேக்கரிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "வலது பக்கமாப் பேசினா அண்ணனுக்கு விழாம இருந்திருக்கா?"

"ரெண்டு மூணு வருஷமா அந்தப் பக்கம் நின்னு எது சொன்னாலும் பதில் வராது. புருஷன்னா அப்படித்தானேன்னு நான் விட்டுட்டேன்."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். அண்ணன் தன் வலது காது மடலைப் பிடித்து மெல்ல இழுத்தார். "இதத்தானே தினம் மோட்டார்ல வெச்சேன்," என்றார். குரல் உடைந்திருந்தது. வயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், சுவரைக்கூட விட்டுவைக்கவில்லை. காதில் குறை இருக்கும் என்று மட்டும் அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர் மேசையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். காகிதம் அங்கேயே கிடந்தது.

வண்டிகள் எங்களை வலது பக்கமாகத்தான் கடந்து போகும். இறக்கத்தில் மீதி இருந்த இடது காதிலும் காற்று இரைந்திருக்கும். அவர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்தப் பையன் அடிச்சிருப்பான்," என்று மட்டும் சொன்னார். காகிதத்தை நாலாகக் கிழித்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் தலையைத் தூக்காமல் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினேன். அவர்கள் எல்லோருக்கும் இருந்த அதிர்ச்சிதான் எனக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இன்னொன்றும் இருந்தது.

திங்கள் காலை நாலு பேரும் போனோம். மேனேஜர் அறை சின்னது. சுவர் முழுக்க வண்டிச் சாவிகள் தொங்கின. டிரைவர் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கை தானாகச் சட்டைக் காலரைத் தொட்டது.

அண்ணன் உட்காரவில்லை. "சார், எனக்கு வலது காது கேக்காது. அது நேத்துதான் தெரிஞ்சுது. ஹார்ன் அடிக்கலன்னு நான் சொன்னதுக்கு மதிப்பே கிடையாது. இவர வேலைய விட்டு எடுக்காதீங்க," என்றார். பதினொரு வருடமாக எங்களுக்குக் காதாக இருந்தவர், முன்பின் தெரியாத ஒரு மேனேஜரிடம் கைகட்டி நின்று அதைச் சொன்னார்.

மேனேஜர் பேனாவை உருட்டினார். "சரி, உங்களுக்குக் கேக்காது. அதுக்காக இவன் அடிச்சான்னு ஆயிடுமா? அடிச்சத யாரும் கேக்கலையே. டீச்சரம்மா கேட்டீங்களா?"

டீச்சர் இல்லை என்று தலையசைத்தார். பேக்கரிக்காரர், "நான் கொக்கப் பத்திப் பேசிட்டே வந்தேன் சார்," என்றார்.

"அப்புறம் நான் எதை வெச்சு இவன நம்புறது?"

டிரைவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து, "ரெண்டு தடவ அடிச்சேன் சார்," என்றான்.

"ரெண்டு தடவதான்," என்றேன் நான். "நான் கேட்டேன்."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியவன் நான். பொய் சொல்றியாடா என்று தெருவே கேட்கக் கத்தியவன் நான். அவனை அடுத்து, அந்த இரண்டு ஹார்னும் அடித்தது நன்றாகத் தெரிந்தவனும் நான்தான். ஹார்ன் அடிக்கவில்லை என்று அண்ணன் சொன்ன நொடியில் நான் கேட்டது கேட்காததாகிவிட்டது. அதன் பிறகு வந்த கோபத்தில் அதை அமுக்கிவிட்டேன். மூன்று வாரமாக அமுக்கியே வைத்திருந்தேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். தொட்டில் கட்டிய கை மேசை விளிம்பில் இடித்தது. அந்த வலியைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கேட்டுச்சுன்னா நீ ஏன் கத்தல?"

"அண்ணன் கத்தலையே," என்றேன்.

காது அண்ணன் தலையைச் சாய்த்து இடது காதை என் பக்கம் கொண்டுவந்தார். "என்ன சொன்னே?" என்றார். நான் அதை இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.