உள்பக்கத்தில் போட்ட குறி

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். கடை வாசலில் நிற்பவர்கள் அதைப் பார்த்தே நடையைக் கட்டிவிடுவார்கள். நல்ல மனுஷன்தான். ஆனால் தன் கைக்கு வராத வேலை ஒன்று உலகத்தில் உண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். நாலு மணி நேரம் கழித்து எழுந்து வரும்போது உடம்பெல்லாம் உதறும். பட்ட காலிலே படும் என்பார்களே, குளிர்காலம் தொடங்கிய வாரமே காரின் ஹீட்டரும் படுத்துக்கொண்டது. சூட்டுக்கான குமிழைச் சிவப்புப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் ஐஸ் காற்றுதான் வந்தது. அதை நிறுத்தினாலோ முன்கண்ணாடியில் ஆவி படிந்து தெரு தெரியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொல்லிவிட்டாள்.

"இனிமே நான் போகலங்க. ஊசியக்கூடத் தாங்கிக்குவேன். திரும்பி வர்ற குளிரத் தாங்க முடியல."

போகாவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அவர், திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் வா, அதற்குள் சரிசெய்கிறேன் என்று கெஞ்சினார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஒப்புக்கொண்டாள்.

அவளுடைய தம்பி மெக்கானிக். வண்டியை நாலு நாள் விட வேண்டும் என்றான். ஊசி பிடிக்கிற கையோடு இதில் இறங்காதீர்கள் மாமா என்று இலவச யோசனையும் சொன்னான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு திருகைக் கழற்றி, குமிழ்கள் இருந்த பலகையை வெளியே இழுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டார். குமிழுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பி தொங்கியது. சூடான காற்றா, குளிர்ந்த காற்றா என்று வழிவிடும் தகட்டை அசைப்பது அதுதான். அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்து கம்பி கழன்றிருந்தது. பேண்ட்டுக்குத் தைக்கும் இரும்புக் கொக்கி ஒன்றை வளைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் மாட்டுவதற்கு இரண்டு பக்கமும் துளை. எதில் மாட்டுவது? சிவப்பு இருக்கும் பக்கம்தான் என்று முடிவுகட்டிச் சாக்பீஸால் குறி போட்டார்.

அங்கேதான் முப்பது வருடப் பழக்கம் காலை வாரியது. துணியைப் புரட்டினால் வலம் இடமாகும். அதனால் மனசுக்குள் பக்கத்தை மாற்றிக்கொண்டு குறி போட்டார். துணியைப் பக்கவாட்டில் புரட்டுவது வழக்கம். பலகையையோ மேலிருந்து கீழாகக் கவிழ்த்திருந்தார். வலம் வலமாகவே இருந்தது; குறி நீலப் பக்கத்துத் துளையில் விழ, கம்பியை அதிலேயே மாட்டிப் பலகையைப் பொருத்திவிட்டார்.

குமிழைத் திருப்பினார், தகடு டக்கென்று அசைந்தது. இன்ஜினைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை!

திங்கட்கிழமை போகும்போது நல்ல வெயில்தானே என்று அவர் குமிழைத் தொடவில்லை. திரும்பும்போது அவள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். அவர் கம்பீரமாகச் சிவப்புப் பக்கம் திருப்பினார். ஐஸ் காற்று. கடைசிவரை திருப்பினார். இன்னும் குளிர்ந்தது. அவளுக்குப் பற்கள் கிட்டித்தன. வண்டியை ஓரம் கட்டி ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடு. எனக்கு இந்த வேலை தெரியல."

இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் 'தெரியல' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. காற்றை நிறுத்துவதாக நினைத்துக் கைக்கு எட்டிய குமிழை நீலப் பக்கம் முழுக்கத் திருப்பினாள். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பிறகு சூடாகவே வந்தது. இரண்டு கைகளையும் அதன் முன்னால் நீட்டிக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்குப் போனதும் கம்பியை மாற்றி மாட்டிவிடுவதாகச் சொன்னார்.

"ஒண்ணும் வேணாம், இப்படியே இருக்கட்டும்" என்றாள். போர்வையைத் தளர்த்திக்கொண்டே, "புதன்கிழமை கிளம்புறப்பவே போட்டு வைங்க. போறப்பவும் குளிருது" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.